கடன் பாக்கியும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்களில் இருக்கும், அல்லது சேரப்போகும் தமிழர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை கட்டாத கடனைப் பற்றியே இருந்தன. செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்பது ரகசிய அரசுத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி. 'சீக்ரெட்', அதற்கு மேல் 'டாப் சீக்ரெட்' என்று அதில் நிலைகள் உண்டு. பதில்கள் ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கான நடைமுறையை ஒட்டியவை. நேரடி அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் அளவுகோல் இதுவேதான். கிளியரன்ஸ் மறுக்கப்பட்டால் முறையிடும் வழி மட்டும் அவர்களுக்கு வேறாக இருக்கலாம்.

கேள்வி: 2023-ல் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். மூன்று கிரெடிட் கார்டுகளில் 14,000 டாலர் பாக்கி நின்று, மூன்றையும் சார்ஜ் ஆஃப் செய்துவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனம் சீக்ரெட் கிளியரன்ஸுக்கு என் பெயரை அனுப்பப்போகிறது. எவ்வளவு கடன் வரை பரவாயில்லை?
— வாசகர், ஹன்ட்ஸ்வில், அலபாமா

பதில்: இத்தனை டாலர் வரை தேறலாம் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. கிளியரன்ஸ் தகுதியை எடைபோட 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருக்கும் 'சீட் 4' உத்தரவில் 13 அளவுகோல்கள் உண்டு. பண விவகாரம் அதில் 'கைட்லைன் எஃப்'. கட்ட முடியாமை, வசதி இருந்தும் கட்டாமை, பல ஆண்டுகளாகக் கட்டாமல் விட்ட வரலாறு, வருமானத்தை மீறிய செலவு, வரி தாக்கல் செய்யாமை, சூதாட்டத்துக்குக் கடன் வாங்குதல், கணக்குக் காட்ட முடியாத திடீர் வசதி என்று சந்தேகத்துக்கு இடமளிப்பவற்றை அது வரிசைப்படுத்துகிறது. கடன் நெருக்கடியில் இருப்பவர் பணத்துக்காகத் தவறான வழிக்குப் போகக்கூடும் என்பது ஒரு கவலை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் ரகசியக் காகிதங்கள் பற்றிய விதிகளை மட்டும் மதிப்பாரா என்பது இன்னொன்று.

முதல் கவலைக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்தும் கடனும் நெருக்கியபோது, 1985 ஏப்ரலில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குத் தானாகவே போய் 50,000 டாலர் கேட்டார். ஆண்டுக்கு 70,000 டாலருக்குள் சம்பளம் வாங்கியவர், 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். 1994 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். மறு ஆண்டே கிளின்டன் பிறப்பித்த 12968-ஆம் நிர்வாக ஆணையில் பண விவரங்களைக் கேட்டுப்பெறும் அதிகாரம் விரிவாக இடம்பெற்றது.

இனி உங்கள் நிலைமை. சார்ஜ் ஆஃப் ஆகிவிட்டால் கடன் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார்டு பாக்கி 180 நாள் நின்றதும் வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் அதை நஷ்டமாக எழுதிக்கொள்கிறது. நீங்கள் தர வேண்டியது அப்படியே நிற்கிறது.

வேலை போனது உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். வேலை இழப்பு, தொழில் நசிவு, திடீர் மருத்துவச் செலவு, குடும்பத்தில் மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு போன்றவை 'தன் கைமீறிய சூழ்நிலை' என்று விதியிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த விதிக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு: அந்தச் சூழ்நிலையில் பொறுப்போடு நடந்துகொண்டிருக்க வேண்டும். பலர் இங்கேதான் விழுகிறார்கள். மறுபடி வேலை கிடைத்த பிறகு சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதங்களில் அந்த மூன்று கார்டுகளுக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும்.

ஆகவே இன்றே தொடங்குங்கள். மூன்று கணக்கும் இப்போது யார் கையில் என்று பாருங்கள். வங்கியே வைத்திருக்கலாம், கடன் வசூலிக்கும் கலெக்ஷன் நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம். சிறிய தொகையை முதலில் முழுதாக அடைத்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் மாதத் தவணை பேசி, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் பணத்தை அனுப்புங்கள். போனில் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி கிடையாது. தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகட்டும், ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் பதிவாகும். எல்லாக் கடனையும் அடைத்து முடித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நியாயமான ஒரு திட்டமும், அதன்படி உண்மையிலேயே பணம் போயிருக்கிறது என்பதற்கான பதிவும் வேண்டும். தாங்காத தொகைக்கு ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறுவதைவிட, மாதம் 150 டாலர் தவறாமல் போவது எவ்வளவோ மேல். கட்டப்போகிறேன் என்ற வாக்குறுதிக்கு இந்த நடைமுறையில் ஏறக்குறைய மதிப்பே கிடையாது.

இன்டரிம் எனப்படும் தற்காலிகக் கிளியரன்ஸ் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதற்கு முறையீடு இல்லை. இறுதி முடிவும் அப்படித்தான் வரும் என்று அர்த்தமும் இல்லை.

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மருத்துவமனை பில் கலெக்ஷனுக்குப் போனது. பிறகு கட்டிவிட்டேன், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் இப்போது இல்லை. படிவத்தில் எழுத வேண்டுமா? எழுதி நாமே வம்பை விலைக்கு வாங்குவானேன் என்கிறார் என் கணவர்.
— வாசகி, கொலம்பியா, மேரிலாந்து

பதில்: எழுதுங்கள். கிளியரன்ஸுக்கு நிரப்பித் தரும் எஸ்.எஃப்.86 படிவத்தின் 26-ஆம் பிரிவு கடந்த ஏழு ஆண்டுகளில் கலெக்ஷனுக்குப் போன கடன், சார்ஜ் ஆஃப், பறிமுதல், வீட்டு ஏலம், சம்பளப் பிடித்தம், 120 நாளுக்கு மேல் நின்ற பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. 'நடந்ததா' என்பதுதான் கேள்வி. பிறகு கட்டிவிட்டீர்கள் என்பதற்குக் கீழே தனிக் கட்டம் இருக்கிறது. அதில் எழுதினால் அது உங்களுக்கு நல்லதாகத்தான் முடியும்.

ரிப்போர்ட்டில் இல்லாததற்குக் காரணம் எளிது. கட்டி முடித்த மருத்துவ கலெக்ஷன்களை மூன்று கிரெடிட் நிறுவனங்களும் 2022 ஜூலையில் எடுத்துவிட்டன. 500 டாலருக்குக் குறைந்தவற்றை 2023 ஏப்ரலில் எடுத்தன. ஆனால் விசாரணை அதிகாரி பார்ப்பது அந்த ரிப்போர்ட்டை மட்டும் அல்ல. நீதிமன்றப் பதிவுகளையும் பார்ப்பார், உங்களை நேரில் உட்காரவைத்தும் கேட்பார்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டி முடித்த ஒரு மருத்துவ பில்லுக்காகக் கிளியரன்ஸ் போவது மிக அரிது. அதை வேண்டுமென்றே மறைத்தால் விஷயம் கைட்லைன் எஃப்-ஐ விட்டு, நேர்மையைப் பற்றிய கைட்லைன் இ-க்குப் போய்விடும். கடனை அடைத்துத் தீர்க்கலாம், பொய்யை அடைக்க வழியில்லை. அரசுப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றமும் ஆகும்.

படிவத்தைத் திறப்பதற்கு முன் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் ரிப்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை இலவசம். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது என்பதால் மூன்றும் வேண்டும். விற்கப்பட்ட கடன் பழைய வங்கி பெயரில் ஒரு தடவையும் வாங்கிய நிறுவனத்தின் பெயரில் ஒரு தடவையும் வரும். அதை இரண்டு கடனாகக் காட்டாமல், இரண்டும் ஒன்றே என்று குறிப்பு எழுதுங்கள். உங்களுடையதே இல்லாத கடன் தென்பட்டால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்துப் பதில் தர வேண்டும். ஆட்சேபணைக்கு ஆதாரம் வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் எழுதி ரிப்போர்ட்டிலிருந்து நீக்கவைத்தால், அதை யாரும் தீர்வாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: எம்.எஸ். படிக்க ஊரில் வங்கிக் கல்விக் கடன் வாங்கினேன். அப்பா கூட்டுக் கடன்தாரர், மதுரை வீடு அடமானம். இங்கே வந்து குடும்பச் செலவில் இரண்டு ஆண்டாகத் தவணை தவறிவிட்டது. இப்போது நான் அமெரிக்கக் குடிமகன். இந்தியக் கடன் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?
— வாசகர், ஹெர்ன்டன், வர்ஜீனியா

பதில்: அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டில் இந்திய வங்கிக் கடன் வராது, உண்மைதான். ஆனால் படிவம் கேட்பது 'எந்தக் கடனும்'. அமெரிக்கக் கடன் என்று அது சுருக்கவில்லை. எழுதியாக வேண்டும்.

இந்த வகைக் கடனை நாங்கள் மிகவும் கவலையோடு பார்க்கிறோம், ஏனென்றால் இதில் இரண்டு அளவுகோல்கள் ஒன்றாகச் சேர்கின்றன. கடன் தவறியது கைட்லைன் எஃப். வேறு நாட்டில் இருக்கும் தகப்பனார் மீதும் அவர் வீட்டின் மீதும் வரும் நெருக்கடி கைட்லைன் பி, அதாவது வெளிநாட்டுச் செல்வாக்கு. உங்கள் பெற்றோரை வைத்து உங்களை யாராவது வளைக்க முடியுமா என்பதுதான் அங்கே ஆராயப்படும். வீடு ஏலத்துக்கு வரும் நிலையில் அந்தக் கேள்விக்குச் சமாதானமான பதில் சொல்வது கடினம்.

ஊர்க் கணக்கு எப்படி ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். அடமானம் இருப்பதால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துச் சொத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலாம். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்றால் நோட்டீஸ் ஏற்கெனவே அப்பா கைக்கு வந்திருக்கவும், உங்களுக்குக் கவலை வேண்டாம் என்று அவர் சொல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. முதலில் அவரிடம் கேளுங்கள்.

பிறகு கிளை மேலாளருக்கு எழுதி, இன்றைய நிலுவைக் கணக்கை வட்டியோடு வாங்குங்கள். மறுசீரமைப்போ ஒரே தவணைத் தீர்வோ எது கிடைத்தாலும் கடிதமாக வாங்குங்கள். ஒரே தவணைத் தீர்வில் தொகை குறையும். சிபிலில் 'க்ளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று நிற்கும். இயலுமென்றால் முழுத் தொகையையும் கட்டி, நோ டியூஸ் சர்டிஃபிகேட்டும் அடமானப் பத்திரமும் திரும்பப் பெறுவதே நல்லது. பணத்தை உங்கள் அமெரிக்கக் கணக்கிலிருந்து வங்கி வழியாகவே அனுப்புங்கள். சொந்தக்காரர் மூலம் கைமாற்றாக அனுப்பினால் காட்ட ரசீது இருக்காது. தமிழில் உள்ள கடிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

கூடவே ஒன்று: அம்மா செலவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், ஊரில் உள்ள என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு, பங்காளிகளோடு சேர்ந்து உங்கள் பெயரில் இருக்கும் நிலம் ஆகியவை 20-ஆம் பிரிவில் தனியாகக் கேட்கப்படுகின்றன. கடன் பிரிவில் எழுதியதும் அங்கே எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: நண்பனின் கார் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை, காரை எடுத்துப் போய்விட்டார்கள். அது என் கடன் இல்லையே?
— வாசகர், சான் டியாகோ

பதில்: உங்கள் கடனும்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவற்றையும் சேர்த்து எழுதும்படி படிவமே சொல்கிறது. கார் போனதோடும் முடியாது: ஏலத்தில் விற்ற தொகைக்கும் நிலுவைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். அந்தத் தொகைக்கான கணக்கை எழுத்தில் வாங்கிப் பேசி முடியுங்கள். நண்பர் கட்டாமல் விட்ட விவரம் காட்டும் செய்திகள், வங்கிக் கடிதங்கள் உங்கள் தரப்புக்கு உதவும், ஆனால் கடனை நீக்காது. விவாகரத்தில் 'இந்தக் கார்டு அவர் பொறுப்பு' என்று தீர்ப்பு வாங்கியவர்களுக்கும் இதே பதில்: அந்தத் தீர்ப்பு முன்னாள் துணையைக் கட்டுப்படுத்தும், வங்கியைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: கட்டப் பணமில்லாததால் இரண்டு வருடம் வரிப் படிவமே தாக்கல் செய்யவில்லை. சுமார் 11,000 டாலர் வரும். இது கடன் கணக்கில் சேருமா?
— வாசகர், சான் அன்டோனியோ

பதில்: சேரும், கார்டு பாக்கியைவிடக் கடுமையாகவே சேரும். அரசாங்கத்தின் நம்பிக்கையைக் கேட்பவர் அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய அடிப்படைக் கடமையைத் தவிர்த்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். தாக்கல் செய்யாதது ஒரு தவறு, கட்டாதது இன்னொன்று. தண்டத் தொகையே அதைக் காட்டும்: தாக்கல் செய்யாததற்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை, கட்டாததற்கு மாதம் அரை சதவீதம்தான்.

கையில் ஒரு டாலர் இல்லாவிட்டாலும் முதலில் இரண்டு ஆண்டுப் படிவங்களையும் தாக்கல் செய்யுங்கள். அடுத்து வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் தவணைத் திட்டம் கேளுங்கள். 50,000 டாலருக்குள் என்பதால் இணையத்திலேயே முடியும். முடியாவிட்டால் தவணை கேட்கும் 9465-ஆம் படிவத்தை அனுப்புங்கள். 11,000 டாலரை 72 மாதமாகப் பிரித்தால் வட்டி நீங்கலாக மாதம் ஏறக்குறைய 153 டாலர். வரி அலுவலகத்தோடு ஏற்பாடு செய்து அதன்படி கட்டிவருவது விதியிலேயே சொல்லப்பட்ட தணிக்கும் காரணம். ஆனால் ஏற்பாடு செய்த தேதியும் பார்க்கப்படும். அரசு கேள்வி கேட்ட பிறகு தாக்கல் செய்தவருக்குக் கிடைக்கும் மதிப்பு, தானாக முன்வந்தவருக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஒப்புதல் கடிதத்தையும் ஐ.ஆர்.எஸ். தரும் வரிக் கணக்குப் பதிவான டிரான்ஸ்க்ரிப்டையும் எடுத்து வையுங்கள்.

இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்-பார் எனும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் கொடுத்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் விட்டுவிடுவது இது.

கேள்வி: 'கட்டுவதை நிறுத்துங்கள், பாதிக்குப் பாதியாக முடித்துத் தருகிறோம்' என்கிறது ஒரு கடன் தீர்வு நிறுவனம். சேரலாமா? அல்லது திவால் மனு நல்லதா?
— வாசகி, கொலராடோ ஸ்பிரிங்ஸ்

பதில்: கட்டுவதை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் சேர வேண்டாம். இன்றைக்கு ஒழுங்காக இருக்கும் கணக்குகள் நான்கே மாதத்தில் 120 நாள் எல்லையைத் தாண்டிவிடும், நீங்களே அதை உண்டாக்கினீர்கள் என்றும் ஆகும். கடனைத் தீர்க்கும் முன்பே கட்டணம் கேட்டால், தொலைபேசி வழி விற்பனைக்கான 2010-ஆம் ஆண்டு கூட்டாட்சி விதிப்படி அது தடைசெய்யப்பட்டது. இன்னொன்று, 600 டாலரோ அதற்கு மேலோ குறைத்துக் கொடுத்தால் 1099-சி படிவம் வரும். குறைந்த தொகை பொதுவாக உங்கள் வருமானமாகக் கணக்காகி வரி வரும்.

லாப நோக்கில்லாத கிரெடிட் கவுன்சலிங் அமைப்புகளை அணுகுங்கள். வட்டியைக் குறைத்து, எல்லாக் கார்டுக்கும் சேர்த்து ஒரே மாதத் தவணையாக ஏற்பாடு செய்வார்கள். அங்கே ஆலோசனை பெற்றதையும் விதி உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது.

திவால் மனு சட்டம் தரும் உரிமை. அதனாலேயே கிளியரன்ஸ் போய்விடாது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை கட்டும் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம், கட்டும் பழக்கத்தைக் காட்டுவதால், கடனைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்யும் 7-ஆம் அத்தியாயத்தைவிட வலுவானது. மருத்துவச் செலவில் மூழ்கியவர் 7-இல் போவதைப் புரிந்துகொள்வார்கள். சுற்றுலாவுக்கும் நகைக்கும் கார்டு தேய்த்தவர் அதே வழியில் போனால் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

கேள்வி: 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்' என்ற கடிதம் வந்துவிட்டது. ஆறு கடன்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வேலை போய்விட்டதா?
— வாசகர், சான்டில்லி, வர்ஜீனியா

பதில்: போகவில்லை, ஆனால் நாள் எண்ணத் தொடங்குங்கள். கிளியரன்ஸை மறுக்க நினைப்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டு அரசு அனுப்பும் கடிதம் அது. கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 20 நாளில் எழுத்துப் பதில் போக வேண்டும். போதாது என்றால் அந்தக் கெடு முடியும் முன்பே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியான எஃப்.எஸ்.ஓ. மூலம் கூடுதல் நாள் கேளுங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று எழுதி, காரணமும் இன்றைய நிலையும் சேர்க்க வேண்டும். ஆறுக்கும் சேர்த்து ஒரு பத்தியில் மன்னிப்புக் கேட்டால் அது பதிலாகாது. கட்டியதற்கு ரசீது, தவணைக்கு ஒப்பந்தமும் வங்கி ஸ்டேட்மென்ட்டும், உங்களுடையது இல்லாததற்கு ஆட்சேபணைக் கடிதம். கடன் 'ஏ', கடன் 'பி' என்று அவர்கள் போட்ட அதே வரிசையில் தாளைப் பிரித்து அடுக்குங்கள். மாத வருமானம், செலவு, தவணை, மீதம் காட்டும் ஒரு பக்கக் கணக்கும் வையுங்கள். மீதம் மைனஸில் இருந்தால் திட்டமே நம்பத்தக்கதாக இருக்காது.

காலாவதிச் சட்டத்தைக் காட்டி 'இனி வழக்குப் போட முடியாது' என்று எழுதாதீர்கள். மேரிலாந்தில் பெரும்பாலான கடன்களுக்கு மூன்று ஆண்டுதான், மற்ற மாநிலங்களில் வேறு. வழக்கிலிருந்து அது காப்பாற்றும். கடனை நல்லெண்ணத்தோடு தீர்த்ததாக இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். அதே நேரம், சில மாநிலங்களில் பழைய கடனுக்குச் சிறு தொகை கட்டினால் காலக்கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். கட்டும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர் விசாரணை வேண்டுமா, எழுத்து மூலமே போதுமா என்றும் பதிலில் சொல்ல வேண்டும். நேர் விசாரணை கேளுங்கள் என்பதே எங்கள் கருத்து. எழுத்து வழியில் அரசுத் தரப்பு ஒரு கோப்பு அனுப்பும், அதற்குப் பதில் சொல்ல 30 நாள். நீதிபதி உங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். விசாரணையில் அவர் கேள்வி கேட்பார், நீங்கள் விளக்கலாம், மேலதிகாரியையோ மனைவியையோ சாட்சியாக அழைக்கலாம். தீர்ப்பு பாதகமானால் 15 நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கலாம், ஆனால் மேல்முறையீட்டுக் குழு புதிய ஆதாரம் எதையும் ஏற்காது. ஆகவே கையில் உள்ள எல்லாத் தாளும் முதல் விசாரணையிலேயே உள்ளே போயிருக்க வேண்டும். தோற்றாலும் ஓராண்டுக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்க வழியுண்டு.

கேள்வி: கிளியரன்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இப்போதுதான் வீட்டுக் கடன் தவணை தடுமாறுகிறது. யாருக்கும் சொல்ல வேண்டுமா?
— வாசகி, ஆஷ்பர்ன், வர்ஜீனியா

பதில்: எந்தக் கடனும் 120 நாளைத் தாண்டினால், அல்லது திவால் மனு போட்டால், சீக்ரெட் வைத்திருப்பவரும் தெரிவிக்க வேண்டும். 'சீட் 3' உத்தரவு அப்படிச் சொல்கிறது. டாப் சீக்ரெட் என்றால் சம்பளப் பிடித்தத்தையும், பரம்பரைச் சொத்து போல் 10,000 டாலரோ அதற்கு மேலோ திடீரென வந்த பணத்தையும் சொல்ல வேண்டும். முன்பு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடந்த மறுவிசாரணை இப்போது தொடர் கண்காணிப்பாக மாறிவிட்டது. கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்படும் மாற்றம் அதில் தானாகவே எச்சரிக்கையாகப் போய்ச் சேரும். அந்த எச்சரிக்கை எஃப்.எஸ்.ஓ. மேசைக்கு வருவதற்கு முன் உங்கள் கடிதம் அங்கே இருக்கட்டும். தவறிய தேதி, காரணம், வங்கியோடு பேசிய விவரம், அடுத்த மூன்று மாதத் திட்டம் ஆகியவை அதில் இருந்தால் போதும். வீட்டுக் கடனுக்கு முதல் தவணை தவறும் முன்பே வங்கியின் கடன் நிவாரணப் பிரிவை அழைத்துத் தவணை ஒத்திவைப்பு கேட்டுப் பாருங்கள். எழுத்தில் கிடைத்துவிட்டால் 120 நாள் என்ற கட்டமே வராமல் தடுக்கலாம்.